மூடி திறக்காத நீலப் பெயின்ட்

அவருடைய பட்டறையில் எந்தப் பொருளுக்கும் மூடி கிடையாது. கிரீஸ் டப்பா திறந்தே கிடக்கும். ரேடியோவுக்குப் பெட்டி இல்லை; உள்ளே இருக்கும் பலகையும் ஸ்பீக்கரும் மட்டும் ஆணியில் தொங்கிக்கொண்டு செய்தி வாசிக்கும். சுவர்க் கடிகாரத்துக்குக் கண்ணாடியும் இல்லை, பெரிய முள்ளும் இல்லை. சின்ன முள்ளை மட்டும் வைத்துக்கொண்டு எப்படி மணி பார்க்கிறீர்கள் என்று ஒருநாள் கேட்டேன்.

"எட்டுக்கும் ஒம்போதுக்கும் நடுவுல நின்னா எட்டரை. இதுக்கு இன்னொரு முள்ளு எதுக்கு பாப்பா?"

பட்டறைக்குப் பெயர்ப்பலகையும் இல்லை. பெரம்பலூரில் சென்னை போகும் சாலையை ஒட்டி, புளியமரத்தடியில், கீற்றுக் கொட்டகை. லாரிக்காரர்களுக்கு இடம் தெரியும், அது போதும் என்பது அவர் கணக்கு. அடுத்த வீடு எங்களுடையது. எங்களுக்கு அவர் உறவில்லை. தெருப் பிள்ளைகள் எல்லோரும் 'பட்டறை மாமா' என்போம், அவர் மனைவியை 'அத்தை' என்போம். அவர் பெயர் எனக்குத் தெரியும். பலகையிலேயே எழுதாத பெயரை இங்கே எழுதவேண்டாம் என்று விட்டுவிடுகிறேன்.

எதைப் பார்த்தாலும் அவருக்கு ஒரே கேள்விதான் உண்டு: "ஓடுறதுக்குத் தேவையா?" தேவை என்றால் ராப்பகல் உட்கார்ந்து சரி செய்வார். தேவையில்லை என்றால் கழற்றி மூலையில் போடுவார். அந்தப் பொருள் யாருடையது என்பது அவருக்கு இரண்டாம் பட்சம்.

அரியலூரிலிருந்து ஒரு மண்டிக்காரர் தன் காரைக் கொண்டுவந்து விட்டார். மேடு ஏற மறுக்கிறது என்பது புகார். நான்கு நாள் கழித்து வந்து பார்த்தால் எஞ்சின் அருமையாக ஓடுகிறது, பின்சீட்டைக் காணோம். ஜன்னல் திரை, சக்கரத்துப் பளபளப்புத் தட்டு, எதுவும் இல்லை.

"சீட்டு எங்கய்யா?"

"அந்தா கெடக்கு. நீங்க ஒரு ஆளுதான போறீங்க. எடை கொறைஞ்சுது, மேடு ஏறும்."

"யோவ், நான் மொதலாளிய்யா. பின்னாடிதான் உக்காருவேன்."

"அப்ப டிரைவர் சீட்டக் கழட்டவா?"

மண்டிக்காரர் அதற்குப் பிறகு வரவில்லை. இப்படிப் போனவர்கள் பலர். அத்தைக்கும் இதே குறைதான். "ஒரு சோடி தோடு வாங்கித் தாங்கன்னு கேட்டேன். 'காது நல்லாத்தான கேக்குது'ங்கறாரு" என்று குடத்தை இடுப்பில் வைத்தபடி தெருவுக்கே சொல்வார். சொல்லும்போது சிரிப்பார். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அதைப் பற்றி மாமா பேசி நான் கேட்டதில்லை.

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது அம்மாவுக்கு டி.பி. வந்தது. தெருவில் யாரும் அந்தச் சொல்லை வாய்விட்டுச் சொல்லவில்லை. 'நெஞ்சுச் சளி' என்றார்கள். சொல்லிவிட்டு எங்கள் வீட்டில் பாத்திரம் இரவல் வாங்குவதை நிறுத்தினார்கள். அம்மாவை மெட்ராஸில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார் அப்பா. ஒரு வருஷமாவது ஆகும் என்றார்கள். தம்பிக்கு அப்போதுதான் மூன்று முடிந்திருந்தது. அப்பா அரியலூர்ப் பக்கம் ஒரு சுண்ணாம்புக்கல் குவாரியில் எடைமேடை கிளார்க். விடிகாலை முதல் பஸ்ஸில் போனால் விளக்கு வைக்கும் நேரத்துக்குத்தான் வருவார். பகலெல்லாம் நாங்கள் அத்தை வீட்டில்.

அம்மா ஆஸ்பத்திரிக்குப் போன வாரம் ஆறுதல் சொல்லப் பலர் வந்தார்கள். வாசலில் நின்றபடி சொன்னார்கள். மாமா வரவில்லை. அந்த வாரமே ஒருநாள் நான் தண்ணீர் அடிக்கப் போனபோது தெருமுனை அடிகுழாயின் கைப்பிடி நீண்டிருந்தது. இரண்டடி இரும்புக் குழாயை அதன் முனையில் செருகி, போல்ட் போட்டு முறுக்கியிருந்தார். அதற்கு முன் அந்தக் கைப்பிடியை நான் தொங்கித்தான் இறக்க முடியும். இப்போது ஒரு கையால் இறங்கியது. யாரும் அவரிடம் கேட்கவில்லை. நான் நன்றி சொன்னதாகவும் ஞாபகமில்லை.

பள்ளிக்கூடத்துக்கு நாலு நாள் லீவு கிடைத்தபோது அப்பா எங்கள் இருவரையும் அரியலூரில் ரயிலேற்றி மெட்ராஸுக்குக் கூட்டிப்போனார். ஆஸ்பத்திரி வாசலில் கறுப்பு வெள்ளை வளையம் போட்ட மூங்கில் தடுப்பு. பக்கத்தில் இரும்பு ஸ்டூலில் வாட்ச்மேன்.

"பன்னெண்டு வயசுக்குக் கீழ உள்ள விட முடியாது சார். போர்டு பாருங்க."

அப்பா போர்டைப் படித்தார். வாழ்க்கை முழுவதும் எடைச் சீட்டுகளில் இருப்பதை இருப்பதாகவே எழுதிய மனிதர். "ஆமா, போட்டுருக்கு" என்றார். எங்களை வாசலில் வேர்க்கடலை விற்ற ஒரு பெண்ணிடம் உட்கார வைத்துவிட்டுத் தான் மட்டும் உள்ளே போனார். திரும்பி வந்தபோது அவர் கையில் அம்மா கொடுத்தனுப்பிய இரண்டு ஆரஞ்சு இருந்தது.

ஊருக்கு வந்ததும் இதை மாமாவிடம் சொன்னேன். அவர் லாரிக்கு அடியில் படுத்திருந்தார். கால் மட்டும் வெளியே. காலிடம் சொன்னேன்.

"எங்கள விடல மாமா. ஆனா ஒரு ஜீப்பு வந்துச்சு. அதுல யாரு இருக்கான்னுகூட அந்த வாட்ச்மேன் பாக்கல. எந்திரிச்சு சல்யூட் அடிச்சுத் தொறந்துட்டாரு."

ஸ்பேனர் சத்தம் நின்றது. "ஜீப்புல என்ன போட்டுருந்துச்சு?"

"செவப்பா ஒரு முக்கோணம். தலைகீழா."

ஸ்பேனர் சத்தம் மறுபடி ஆரம்பித்தது.

அப்போது பெரம்பலூரும் அரியலூரும் திருச்சி ஜில்லாவில் இருந்தன. அரசாங்கம் கழித்துக்கட்டிய வண்டிகளைத் திருச்சியில் ஏலம் விடுவார்கள். வழியில் நின்றுபோகும் லாரிகளை இழுத்துவர ஒரு ஜீப் வேண்டும் என்று மாமா வெகுநாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். ஜீப் எடுக்கத்தான் ஏலத்துக்குப் போனார். சாயங்காலம் ஒரு லாரியின் பின்னால் கயிறு கட்டி இழுபட்டு வந்தது ஜீப் இல்லை. குடும்பக் கட்டுப்பாடு பிரசார வேன்.

பெரிய வேன். உள்ளே இரு பக்கமும் நீளப் பலகைகள், சினிமா காட்டும் மெஷின் வைக்க ஒரு மேடை. வெளியே வெளுத்த வெள்ளை நிறத்தில் தலைகீழ்ச் சிவப்பு முக்கோணம். இரண்டு குழந்தை போதும் என்று பெரிய எழுத்து. அதன் பக்கத்தில் ஓர் அப்பா, ஓர் அம்மா, ஒரு பெண், ஒரு பையன், நான்கு பேரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"ஜீப்பு இல்லியா?" என்றார் அத்தை.

"இருந்துச்சு. அது ஓடுது. ஓடாததத்தான நாம எடுக்கணும்."

எமர்ஜென்சி முடிந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அந்த முக்கோணத்தைப் பார்த்தால், பிடித்துக்கொண்டுபோய்க் கருத்தடை ஆபரேஷன் செய்துவிடுவார்கள் என்று பயந்து ஆம்பிளைகள் சந்துக்குள் திரும்பிய காலம் அப்போதுதான் கடந்திருந்தது. பட்டறைக்கு எதிரே டீக்கடையில் பேச்சுக்குக் குறைவில்லை. "என்னண்ணே, ஆபரேஷனும் நீங்களே பண்ணுவீங்களா? ஸ்பேனராலயா?" பிள்ளையில்லாத வீட்டில் இரண்டு போதும் என்று எழுதிய வண்டி நிற்பதைப் பற்றி இன்னும் மோசமாகவும் பேசினார்கள். அத்தை காதிலும் அது விழுந்தது. ஏலத்தில் எடுத்தவர் படத்தையும் எழுத்தையும் அழித்துவிட வேண்டும் என்று ஏலக் காகிதத்திலேயே இருந்தது. வேனோடு சேர்ந்து ஒரு டின் நீலப் பெயின்ட்டும் திருச்சியிலிருந்து வந்திருந்தது, நான் பார்த்தேன். மாமா அதைக் கொட்டகையின் மேல்தட்டில் வைத்தார். அந்தப் பட்டறையில் மூடியோடு இருந்த ஒரே பொருள் அதுதான்.

"அந்தக் கருமத்த அடிச்சுத்தான் விடுங்களேன்" என்று அத்தை தினம் ஒருமுறை சொன்னார்.

"ஓடுறதுக்குத் தேவையா?"

அத்தை குடத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போய்விடுவார்.

எஞ்சின் பாகம் பாகமாகப் பிரித்து சாக்கில் பரப்பப்பட்டுக் கிடந்தது. ஆறு மாதம் அப்படியே கிடந்தது. லாரி வேலை வந்தால் வேனை மறந்துவிடுவார். அதை அவசரப்படுத்தியது என் தம்பி.

தம்பிக்குச் சோறூட்டுவது பெரும்பாடு. அத்தை அவனை இடுப்பில் வைத்துக்கொண்டு வேனைச் சுற்றி நடப்பார். "அந்தா பாரு, அம்மா பாக்குறாங்க. ஒரு வாய் வாங்கிக்க" என்று படத்தில் இருக்கும் பெண்ணைக் காட்டுவார். சிவப்புச் சேலை, உருண்டை முகம், நடு வகிடு. அம்மாவுக்கும் அவளுக்கும் எந்த ஒற்றுமையும் இல்லை. ஆனால் அவன் வாய் திறந்தான். அதனால் அத்தை தினமும் காட்டினார். தப்பு என்று யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான்.

அம்மாவிடமிருந்து வாரம் ஒரு கார்டு வரும். எல்லாவற்றிலும் கடைசி வரி ஒன்றுதான்: தம்பி என்னைக் கேட்கிறானா? பதில் எழுதுவது என் வேலை. தினமும் கேட்கிறான் என்று எழுதுவேன். அவன் கேட்பதை நிறுத்தி மாதக்கணக்காகியிருந்தது. கேட்க வேண்டிய அவசியம் அவனுக்கு இல்லை. காலையில் எழுந்ததும் வேனிடம் போவான். "அம்மா, நான் எந்திரிச்சிட்டேன்" என்பான்.

பங்குனியில் ஒரு மத்தியானம் அவன் தட்டை எடுத்துக்கொண்டு வேனுக்குப் பக்கத்தில் ஒரு கல்லின் மேல் ஏறி நின்று, படத்தின் வாயில் தயிர்சோறு ஊட்டிக்கொண்டிருந்தான். கன்னமெல்லாம் சோறு. எறும்பு ஏற ஆரம்பித்திருந்தது. மாமா லாரியின் அடியிலிருந்து வெளியே வந்து பார்த்தார். பிறகு மண்ணெண்ணெய்த் துணியால் அந்த முகத்தைத் துடைத்தார். மெதுவாக, பெயின்ட் உரியாமல் துடைத்தார். அத்தையிடம் ஒரே வாக்கியம்:

"லீவு விட்டதும் போயிரணும்."

"எங்க?"

"கடல் பாக்க."

அதன் பிறகு அவர் லாரி வேலை எடுக்கவில்லை. இருபது நாளில் வேன் ஓடியது.

நாங்கள் ஏழு பிள்ளைகள் போனோம்: நானும் தம்பியும், பூலாம்பாடியிலிருந்து அத்தையின் தங்கை பெண்கள் மூவர், டீக்கடைக்காரரின் இரட்டைப் பையன்கள். மெட்ராஸுக்குக் கடல் பார்க்கப் போகிறோம் என்றுதான் எல்லோரிடமும் சொல்லியிருந்தது. அப்பாவிடமும் அப்படித்தான். அப்பா பஸ்ஸைத் தவறவிட்டு நின்று எங்களை வழியனுப்பினார். அன்றைக்கு வேலைக்கு அவர் தாமதமாகப் போனது எனக்குத் தெரிந்து அதுவே முதல்முறை.

அத்தை வீட்டையே வண்டியில் ஏற்றியிருந்தார். மெஷின் மேடையில் மண்ணெண்ணெய் ஸ்டவ். அதன் பக்கத்தில் தண்ணீர் டிரம், அரிசி மூட்டை, புளிச்சோற்றுத் தூக்கு. கூரைக் கம்பியில் தம்பிக்குச் சேலைத் தூளி. தரையில் துரு தின்ற ஓட்டை ஒன்று இருந்தது, என் உள்ளங்கை அளவு. பின்பக்கக் கதவிலும் அதே அளவில் ஒன்று. அடைக்கக்கூடாதா என்று அத்தை கேட்டதற்கு, "காத்து வரட்டும்" என்றார். ஜன்னல்களில் தலைகள் நிறைந்திருந்தன. அவற்றுக்குக் கீழே இரண்டு போதும் என்ற எழுத்து.

சாலையோர ஊர்களில் எங்களுக்குக் கிடைத்த வரவேற்பு சொல்லத் தக்கது. உளுந்தூர்ப்பேட்டைக்கு முன்னால் ஒரு கிராமத்தில் தண்ணீர் பிடிக்க நிறுத்தியபோது கிணற்றடியில் குளித்துக்கொண்டிருந்த இரண்டு ஆண்கள் சோப்பு நுரையோடு கரும்புக்கொல்லைக்குள் ஓடினார்கள். ஒரு கிழவி மட்டும் நகராமல் உட்கார்ந்து எங்களை எண்ணினார். "ஏழா? யப்பா, நீ ஊருக்கு உபதேசம் பண்ண வந்தியாக்கும்" என்றார். அத்தை தலையைக் குனிந்துகொண்டார். இரட்டையர்கள் "எங்களையும் சேத்து ரெண்டு போதும் ஆயா" என்று கத்தினார்கள்.

விழுப்புரத்தில் ஒரு போலீஸ்காரர் கையைக் காட்டி நிறுத்தினார். வண்டியைச் சுற்றி வந்தார். எழுத்தைப் படித்தார். ஜன்னலைப் பார்த்தார்.

"என்னய்யா இது? எல்லாம் ஒன் புள்ளைங்களா?"

"ஒண்ணுகூட என்னது இல்லீங்க."

அவர் அதைச் சொன்ன விதம் எனக்கு இன்றும் காதில் இருக்கிறது. மணி எத்தனை என்று கேட்டால் எட்டரை என்று சொல்வதுபோலச் சொன்னார். போலீஸ்காரர் அத்தையைப் பார்த்தார். ஏதோ கேட்க நினைத்து, கேட்காமல், "பெயின்ட் அடிச்சிருய்யா" என்று சொல்லி அனுப்பினார். பத்து மைல் தாண்டியதும் அத்தை பொட்டலத்தைப் பிரித்து எல்லோருக்கும் முறுக்கு கொடுத்தார். முதல் முறுக்கை மாமாவுக்குக் கொடுத்தார்.

திண்டிவனத்தில் ஒரு பெட்ரோல் பங்க் ஓரம் படுத்து எழுந்து, மறுநாள் முற்பகலில் கடலைப் பார்த்தோம். நாங்கள் கத்திய கத்தலுக்குப் பலூன்காரர் திரும்பிப் பார்த்தார். அத்தை முழங்கால்வரை தண்ணீரில் இறங்கி, ஒரு கையில் தம்பியையும் ஒரு கையில் சேலையையும் பிடித்துக்கொண்டு, இரண்டில் எது நனைந்தாலும் கவலையில்லை என்பதுபோல நின்றார். மாமா செருப்பைக்கூடக் கழற்றவில்லை. கடலை ஒரு தரம் இடமிருந்து வலமாகப் பார்த்தார்.

"எப்புடி இருக்கு மாமா?"

"நல்லா ஓடுது" என்றார். பிறகு வண்டிக்கு அடியில் உப்புக்காற்று எதையாவது தின்கிறதா என்று பார்க்கப் போய்விட்டார்.

மூன்று மணி இருக்கும். எங்களை அவசரமாக ஏற்றினார். கொஞ்ச தூரம் போனபின், பின்னால் திரும்பாமல் சொன்னார்: "எல்லாரும் கீழ படுங்க. நான் சொல்றவரைக்கும் ஒரு தலையும் ஜன்னல்ல தெரியக்கூடாது."

விளையாட்டு என்று நினைத்து எல்லோரும் படுத்தார்கள். என் கண்ணுக்கு நேராகக் கதவில் இருந்த துரு ஓட்டை. அதன் வழியே சாலை பின்னால் ஓடியது. வண்டி இடப்பக்கம் திரும்பும்போது வேர்க்கடலை விற்ற அதே பெண் தெரிந்தார். அதே சாக்கு, அதே படி. இது ஆஸ்பத்திரி வாசல் என்று எனக்குப் புரிந்தது. வண்டி மெதுவானது. இரும்பு ஸ்டூல் நகரும் சத்தம் கேட்டது. மாமா தினமும் போடும் காக்கிச் சட்டைதான் போட்டிருந்தார். அவரிடம் வேறு நிறச் சட்டை கிடையாது. அவர் வாயைத் திறக்கவில்லை. வண்டி உள்ளே போனது. ஓட்டை வழியே பார்த்தேன்: கறுப்பு வெள்ளை வளையம் போட்ட தடுப்பு மேலே நிற்க, வாட்ச்மேன் நெற்றியில் வைத்த கையை இன்னும் இறக்கவில்லை.

ஒரு வேப்பமரத்தடியில் வண்டி நின்றது. அத்தை இறங்கி வார்டைத் தேடிப் போனார். மாமா வண்டியிலிருந்து பத்து எட்டு எடுத்து வைத்து, அந்த இடத்தில் ஒரு ஸ்பேனரைத் தரையில் வைத்தார். திரும்பி வந்து எங்களிடம் சொன்னார்:

"இவங்க அம்மா வருவாங்க. அவங்க அந்த ஸ்பேனரத் தாண்டி வரமாட்டாங்க. நீங்க யாரும் எறங்கக்கூடாது. எறங்கினா வண்டிய எடுத்துருவேன்." என்னைத் தனியாகப் பார்த்தார். "பாப்பா, நீயும்தான்."

அம்மா வந்தார். முடியைக் கத்தரித்திருந்தார்கள். கழுத்தெலும்பு தெரிந்தது. ஆஸ்பத்திரிச் சேலை. ஸ்பேனருக்கு இந்தப் பக்கம் வரக்கூடாது என்று அத்தை அவரிடமும் சொல்லியிருக்க வேண்டும். சரியாக அதன் பின்னால் நின்றார். என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அம்மாவின் பார்வை தம்பிமேல் போனது. நான் அவனைத் தூக்கி ஜன்னலில் நிறுத்தினேன்.

"டேய், அம்மாடா."

அவன் பார்த்தான். நன்றாகப் பார்த்தான்.

"இது அம்மா இல்ல. எங்கம்மா வெளிய வண்டியில இருக்காங்க."

பத்து எட்டுத் தூரம். அம்மா காதில் தெளிவாக விழுந்தது. மாதக்கணக்காக நான் எழுதிய பொய்யெல்லாம் அந்த ஒரு நிமிஷத்தில் அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. அத்தை முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். "அண்ணி, என் தப்புதான் அண்ணி. சோறு ஊட்டறதுக்காக..." என்று என்னவோ சொல்ல ஆரம்பித்தார். அம்மா கையைக் காட்டி நிறுத்தினார். இரண்டடி பக்கவாட்டில் நடந்து, வண்டியின் மேல் சிரித்துக்கொண்டிருந்த பெண்ணைப் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கா. என்னவிட செவப்பு" என்றார்.

அம்மா மறுபடி ஸ்பேனருக்குப் பின்னால் வந்து நின்றார். பேசியதில் மூச்சு வாங்கியது. கொஞ்சம் பொறுத்து, சத்தமாக, வீட்டுப் பின்கட்டில் செம்பும் கையுமாக நிற்பதுபோலச் சொன்னார்:

"தண்ணி வருது... தண்ணி வருது... தலை எங்க?"

அவனைக் குளிப்பாட்டும்போது தினமும் சொல்வது. அதை நான்கூட மறந்திருந்தேன். தம்பியின் இரண்டு கைகளும் தாமாக உச்சந்தலைக்குப் போயின.

"தலை இங்க!"

சொன்ன பிறகுதான் அவன் திடுக்கிட்டான். தன் கைகளைப் பார்த்தான். எதிரே நின்றவரைப் பார்த்தான்.

"மூக்கு எங்க?"

"மூக்கு இங்க!" அவன் உதடு பிதுங்கியது. "அம்மா, ஏம்மா மொட்டை அடிச்சிட்ட?"

மாமா வண்டியின் முன்பக்கம் போய் பானெட்டைத் திறந்து உள்ளே குனிந்துகொண்டார். எஞ்சினில் எந்தக் கோளாறும் இல்லை. கால்மணி நேரம் குனிந்தே நின்றார்.

திரும்பும்போது எங்களைப் படுக்கச் சொல்ல அவர் மறந்துவிட்டார், அல்லது சொல்ல வேண்டாம் என்று நினைத்தார். வாட்ச்மேன் எழுந்து கையை நெற்றிக்குக் கொண்டுபோனவர், ஜன்னலில் ஏழு தலைகளைப் பார்த்து அப்படியே நின்றார். அழுது வீங்கிய என் முகத்தைப் பார்த்தார். போன தடவை வந்தது ஞாபகம் வந்ததோ என்னவோ. மாமா அவரை நேராகப் பார்த்தார். அதிகமில்லை, நாலைந்து விநாடி.

"கேம்ப் முடிஞ்சுதா சார்?" என்றார் வாட்ச்மேன்.

"முடிஞ்சுதுங்க."

"புள்ளைங்கள வச்சிருக்கீங்க. மெதுவா போங்க." தடுப்பு மேலே போனது.

அப்பாவிடம் நான்தான் சொன்னேன். சட்டத்தை மீறிவிட்டீர்களே என்று அவர் மாமாவிடம் கேட்பார் என்று பயந்தேன். மாமாவே முந்திக்கொண்டார். "புள்ளைங்க உள்ள போகக்கூடாதுன்னுதான போர்டு. புள்ளைங்க வண்டிக்குள்ளதான் இருந்துச்சுங்க. ஒருத்தரும் எறங்கல." அப்பா வெகுநேரம் யோசித்தார். பிறகு மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

அம்மா அடுத்த பொங்கலுக்கு முன் குணமாகி வீடு வந்தார். அந்தப் பயணத்துக்குப் பிறகு நான் எழுதிய கார்டுகளில் பொய் எழுத வேண்டி வரவில்லை. பிற்காலத்தில் பத்திரிகை வேலைக்குப் போய், யார், எங்கே, எப்போது, ஏன் என்று கேட்டு எழுதுவதைத் தொழிலாகக் கொண்டேன். மாமாவிடம் அந்த 'ஏன்' என்பதை ஒருமுறைகூட நான் கேட்கவில்லை. கேட்க வேண்டியிருக்கவும் இல்லை. பயணம் முடிந்து வந்த மூன்றாம் நாள் காலையில் நான் தண்ணீர்க் குடத்தோடு வந்தபோது அவர் மேல்தட்டிலிருந்து நீலப் பெயின்ட் டின்னை இறக்கிக்கொண்டிருந்தார்.

"இப்ப மட்டும் எதுக்கு மாமா? ஓடுறதுக்குத் தேவையா?" என்றேன், அவர் குரலிலேயே.

"இதுவரைக்கும் அந்தப் படம் தேவையா இருந்துச்சு" என்றார். ஸ்குரூ டிரைவரால் நெம்பி மூடியைத் திறந்தார்.

முதலில் முக்கோணம் போனது. அடுத்து எழுத்து. அப்பா, பெண், பையன். மத்தியானத்துக்குள் வண்டி முழுக்க நீலமாகிவிட்டது, ஒரு சாண் அகலத்தைத் தவிர. அந்தப் பெண்ணின் முகத்தை மட்டும் விட்டிருந்தார். பெயின்ட் மிச்சம் இருந்தது. பிரஷ்ஷை மண்ணெண்ணெயில் போட்டுவிட்டு அவர் சாப்பிடப் போனார். சாப்பிட்டு வந்து சும்மா உட்கார்ந்திருந்தார். அவர் சும்மா உட்கார்ந்து அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

தம்பி தூங்கி எழுந்து கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தான்.

"டேய், இங்க வா" என்றார் மாமா. நீலத்துக்கு நடுவில் தனியாகச் சிரித்த முகத்தைக் காட்டினார். "இது இருக்கட்டுமா, அடிச்சிரலாமா?"

இன்னொருவர் பொருளில் கை வைக்க அவர் அனுமதி கேட்டு நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

தம்பி தலையைச் சாய்த்துப் பார்த்தான். "அடிச்சிருங்க மாமா. இது பொம்மை. எங்கம்மா மெட்ராஸ்ல இருக்காங்க. மொட்டை போட்டுருக்காங்க."

மாமா அவனைத் தூக்கி, பிரஷ்ஷை அவன் கையில் கொடுத்தார். கோணல்மாணலாக, இரண்டு பேரின் சட்டையிலும் நீலம் சொட்ட, அவன் அடித்து முடித்தான். டின்னில் கொஞ்சம் பெயின்ட் மிச்சம் இருந்தது. மாமா அதை மூடவில்லை. மூடியைத் தம்பி எடுத்துக்கொண்டு, இரண்டு கையாலும் ஸ்டியரிங் மாதிரி பிடித்து, வாயால் ஹாரன் அடித்தபடி புளியமரத்தைச் சுற்றி மெட்ராஸுக்கு ஓட்டிக்கொண்டிருந்தான்.